பொழுது பார்த்த கண்

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் மாடித் தோட்டத்துக்கென்று ஒரு மூட்டை உமி வாங்கி வந்து எங்கள் கேட்டுக்கு எதிரே இறக்கினார். நேற்றைய மழையில் மூட்டையின் அடிப்பக்கம் நனைந்திருந்தது. ஈர உமியின் வாசனை வராந்தா வரைக்கும் வந்தது. கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். இருபத்தாறு வருடம் என் சட்டையில் ஒட்டியிருந்த வாசனை அது. எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்கூண்டுகளுக்குள் உமியைத்தான் பரப்புவோம். நான் உன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உனக்கு அது எட்டிவிடும். "எலிக்காரன் வந்துட்டான் சரசு, டீ வை" என்று உள்ளேயிருந்து சத்தம் கொடுப்பாய்.

மைசூர் விஜயநகரில் இந்த வீட்டைக் கட்டி, ஓய்வு பெற்று, நிம்மதியாக உட்கார்ந்து பேப்பர் படிக்கிற ஆளாகத்தான் மற்றவர்களுக்குத் தெரிகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் நடந்ததற்குப் பிறகு எனக்குப் பேப்பரில் ஒரு வரிகூட ஓடவில்லை. அதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். நடந்ததை முதலிலிருந்து எழுதினால்தான் எனக்கே விளங்கும்.

ராமாபுரத்தில் பள்ளிக்கூடம் படிக்கிறபோதே உனக்குப் பொழுது சாய்ந்தால் கண் தட்டுத்தடுமாறும். மாலைக்கண் என்றார்கள், ஈரல் சாப்பிடச் சொன்னார்கள். அது கண்ணின் உள்திரையில் பார்க்கும் அணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற நோய் என்று மைசூருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. முப்பது வயதுக்குள் உனக்கு முழு இருட்டு. டார்ச்சை நேராகக் கண்ணில் அடித்தாலும் ஒன்றும் தெரியாது என்பாய். அதற்குள் நீ டெலிபோன் ஆபரேட்டர் பயிற்சி முடித்து, ஒரு பெரிய அலுவலகத்தின் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்திருந்தாய். முந்நூறு இணைப்பு எண்களும் உனக்கு மனப்பாடம். கூப்பிட்டவர் "ஹலோ" என்றவுடன் பெயரைச் சொல்வாய். கொள்ளேகாலத்திலிருந்து சரசுவைக் கட்டிக்கொண்டு வந்தாய், கும்பாரகொப்பலில் வீடு பிடித்தாய். பார்வை இல்லாததைத் தவிர உன்னிடம் குறை என்று யாரும் எதையும் சொல்ல முடியாது. முக்கியமாக, நீ ராத்திரி பத்து மணிக்குப் படுத்தால் காலை ஐந்தரைக்கு அலாரம் இல்லாமல் எழுந்துவிடுவாய். நானோ மூன்று அலாரம் வைத்து எழுகிற ஆள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய்.

பிறகு இடது கண்ணில் அழுத்தம் ஏறியது. தலையைச் சுவரில் முட்டிக்கொள்கிற அளவுக்கு வலி. மாதக்கணக்கில் மருந்து கேட்கவில்லை. டாக்டர் அந்தக் கண்ணையே எடுத்துவிட்டார். சரசுவும் நானும் கூடவே இருந்தோம். செயற்கைக் கண் வைத்த பிறகு வலி போய்விட்டது, நீயும் பழைய ஆளாகிவிட்டாய்.

மறுவருடம் வலது கண்ணிலும் வலி ஆரம்பித்தது. சரசு இரண்டாவது பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்குப் போயிருந்த நேரம். உன்னைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவன் நான். டாக்டர் அவசரப்படவில்லை. "சொட்டு மருந்து போட்டுக் கொஞ்ச நாள் பார்க்கலாம். கட்டுப்பட வாய்ப்பிருக்கு. இல்ல, இடது கண் மாதிரி எடுத்துடலாம்னாலும் சரி. வீட்ல பேசிட்டு வாங்க" என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். ஐந்து நிமிடம்கூட இருக்காது.

"என்ன பண்ணலாங்கறே?" என்று கேட்டாய்.

"பார்வைதான் ஒண்ணுமில்லையே. வெறும் வலியை எதுக்குடா கட்டிக்கிட்டு அழறே? எடுத்துரு. ஒரேடியா முடிஞ்சுபோகும்."

நீ ஏதோ சொன்னாய், நான் சிரித்தேன். என்ன சொன்னாய் என்பது எனக்கு ஐந்து நிமிடத்திலேயே மறந்துபோயிற்று. நீ கையெழுத்துப் போட இடம் காட்டியதும் நான், சாட்சிக் கையெழுத்துப் போட்டதும் நான். ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறவன், விஷயம் தெரிந்தவன் என்ற நினைப்பு எனக்கு.

கண் எடுத்த இரண்டு மாதத்துக்குள் உன் தூக்கம் கெட்டது. முதலில் நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் கைக்குழந்தை இருந்தது, அதன் அழுகையில் யார் தூங்க முடியும் என்று விட்டுவிட்டோம். பிறகு எக்ஸ்சேஞ்சில் நீ போர்டின் மேலேயே சாய்ந்து தூங்கிவிட்டதாகப் பேச்சு வந்தது. முதல் மெமோ வந்தது. அப்புறம் இரண்டு வாரம் ஒழுங்காக இருந்தாய். மெமோவுக்குப் பயந்து திருந்திவிட்டான் என்றார்கள். மறுபடியும் பட்டப்பகலில் தலை தொங்கியது, வாய் குழறியது, தப்பான இணைப்பைக் கொடுத்தாய். இரண்டாவது மெமோ. மறுபடியும் கொஞ்ச நாள் சரியாக இருந்தாய். இப்படியே ஒரு வருடம் போயிற்று. மூன்றாவது மெமோவில் வேலையை விட்டே அனுப்பிவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள்.

குடிக்கிறான் என்று அலுவலகத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு மத்தியானம் உன் அலுவலகத்துக்கே வந்து, கேன்டீன் பின்னாலிருந்த வேப்பமரத்தடிக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன்.

"ரெண்டு பொண்ணு இருக்குதுடா உனக்கு. நெஜத்தைச் சொல்லு, குடிக்கிறயா?"

"இல்லடா. தூக்கந்தான் வரமாட்டேங்குது. ராத்திரியெல்லாம் கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு இருக்கறேன். வரக்கூடாத நேரத்துல வருது."

"வாயை ஊது பார்க்கலாம்."

என் முகம் இருக்கும் பக்கம் திரும்பி, வாயைத் திறந்து ஊதினாய். வெறும் காப்பி வாசனை. நான் அப்போதும் நம்பவில்லை. காலையில் குடித்திருப்பாய் என்று எண்ணிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கூடத்துக்குப் புதிய சுண்டெலிகள் வந்தன. என் வேலை உனக்குத் தெரியும், எத்தனையோ முறை கேட்டிருக்கிறாய். எலி ராத்திரிப் பிராணி. இருட்டின பிறகுதான் கூண்டிலிருக்கிற சக்கரத்தில் ஏறி ஓடும். ஓடுகிற நேரத்தைக் கம்ப்யூட்டர் ஒரு கோடாகப் போடும். ஒரு நாளுக்கு ஒரு வரி, அதன் கீழே அடுத்த நாளின் வரி. வெளிச்சமும் இருட்டும் ஒழுங்காக மாறினால் கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேராக நிற்கும். வெளிச்சமே காட்டாமல் வைத்தால் எலி தன் உடம்புக்குள் இருக்கிற கடிகாரத்தை மட்டும் நம்பி ஓடும். அந்தக் கடிகாரம் சரியாக இருபத்துநான்கு மணி நேரம் காட்டாது, சுண்டெலிக்குக் கொஞ்சம் முந்தும். அதனால் கோடுகள் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போகும். அப்போது கால்மணி நேரம் வெளிச்சம் காட்டினால் போதும், கடிகாரம் நகர்ந்துவிடும். எலி ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் காட்டினால் மறுநாள் தாமதமாக எழும். அதன் ராத்திரி முடிகிற சமயத்தில் காட்டினால் மறுநாள் முன்னதாக எழும். பகல் என்று அது நினைக்கிற நேரத்தில் காட்டினால் ஒன்றும் நடக்காது. இதை நான் நூற்றுக்கணக்கான கூண்டுகளில் பார்த்திருக்கிறேன்.

புதிதாக வந்தவை குருட்டு எலிகள். பிறந்த சில வாரத்திலேயே பார்க்கும் அணுக்கள் செத்துவிடுகிற வகை. அவற்றுக்கும் வெளிச்சம் காட்டச் சொன்னார் கூடத்தை நடத்துகிற எங்கள் மேடம். வீண் வேலை என்று நினைத்துக்கொண்டேதான் காட்டினேன். மறுநாள் காலை கம்ப்யூட்டரைப் பார்த்தேன். கோடு நகர்ந்திருந்தது. கண் தெரிகிற எலிக்கு எவ்வளவு நகருமோ அவ்வளவு.

கூண்டு மாறிவிட்டதென்று நினைத்தேன். சீட்டுகளைச் சரிபார்த்தேன். வேறு எலிகளை வைத்து மறுபடி செய்தேன். அதே நகர்வு. மேடத்திடம் ஓடினேன். அவர் சிரித்தார். "நோடி, இங்க பாருங்க, இதுல தப்பு எதுவும் இல்லை" என்றார். கண்ணின் உள்திரையில் வேறு சில அணுக்கள் இருக்கின்றன, அவை உருவம் எதையும் பார்ப்பதில்லை, வெளியே பகலா இரவா என்று மட்டும் அளந்து மூளைக்குச் சொல்கின்றன, பார்வை போன கண்ணிலும் அவை பிழைத்திருக்கலாம் என்று கன்னடத்தில் நிதானமாக விளக்கினார்.

"மனுஷனுக்கும் அப்படியா மேடம்?"

அப்படித்தான் என்றார்.

"கண்ணையே எடுத்துட்டா?"

"அப்போ முழு இருட்டில் அடைத்த எலி மாதிரிதான். கடிகாரத்தைச் சரிசெய்ய யாரும் இல்லையே."

லீவு எழுதிக் கொடுக்காமலே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கும்பாரகொப்பலுக்கு வந்தேன்.

பகல் பதினொரு மணி. நீ ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு உள்ளே அடித்துப்போட்டாற்போலத் தூங்கிக்கொண்டிருந்தாய். சரசு வாசலிலேயே என்னைப் பார்த்துப் பதறினாள்.

"என்னங்ண்ணா, மூஞ்செல்லாம் வெளுத்துக் கெடக்குது?"

"அவன் தினமும் எத்தனை மணிக்குத் தூங்கறான்னு உனக்கு நெனப்பிருக்குதா சரசு?"

"எழுதியே வெச்சிருக்கறேனுங்ண்ணா. ஆபீஸ்ல குடிக்கறாருன்னு சொல்றாங்கன்னு கேட்டதுல இருந்து எழுதறேன். நாளைக்கு யாராச்சும் கேட்டா காட்டணுமில்லீங்?"

சுவரில் மாட்டியிருந்த மாதக் காலண்டரைக் கழற்றிக் கொடுத்தாள். ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலால் பொடிப்பொடியாக இரண்டு எண்கள், தூங்கிய நேரமும் எழுந்த நேரமும். நாலு மாதத்துக்கு இருந்தது. உன் பெரியவளின் கணக்கு நோட்டை வாங்கி, கட்டம் போட்ட பக்கத்தில் ஒரு நாளுக்கு ஒரு கோடு இழுக்க ஆரம்பித்தேன். இருபது கோட்டுக்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை, எல்லாவற்றையும் இழுத்தேன். நாளுக்கு அரைமணிபோலத் தள்ளித் தள்ளி, கோடுகள் வலப்பக்கமாகச் சரிந்துகொண்டே போய், பக்கத்தைச் சுற்றி வந்து, மறுபடி சரிந்தன. எலிக்கு இடப்பக்கம் சரியும். மற்றபடி அதே படம். நீ ஒழுங்காக இருந்ததாகச் சொன்ன வாரங்கள், உன் தூக்கம் சுற்றி வந்து தற்செயலாக ராத்திரியில் விழுந்த வாரங்கள். உன்னை யாரும் திருத்தவில்லை, நீ கெட்டுப்போகவும் இல்லை.

இதே படத்தைத்தான் வருடக்கணக்கில் தினமும் காலை ஒன்பது மணிக்கு முதல் வேலையாகப் பார்த்து வந்தேன். எலிக்கூண்டில் பார்த்ததை, கூடப் படித்தவனிடம் ஒரு வருடம் முழுக்கப் பார்க்கவில்லை. பார்க்காததோடு வாயை ஊதச் சொன்னேன்.

நீ எழுந்து வந்தபோது மணி நாலு. சரசு குழந்தையை எடுத்துக்கொண்டு ஊசி போடப் போயிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நீ தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாய்.

"அப்போ என்ற வலது கண்ணு வேலை செஞ்சுக்கிட்டு இருந்துச்சுங்கறே."

"பார்க்கற வேலை இல்லடா. பொழுது தெரிஞ்சுக்கற வேலை."

"அதைத்தான் எடுத்துப்போட்டமா."

'எடுத்துப்போட்டமா' என்று என்னையும் சேர்த்துச் சொன்னாய். பிறகு சொன்னாய்:

"அன்னைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சுல சொன்னனேடா. காலைல ஜன்னலோரம் உக்காந்தா உடம்பு ஒருமாதிரி தெளிஞ்சாப்பல இருக்குது, ரெண்டு கண்ணும் போயிட்டா அது இருக்குமோ என்னமோன்னு. நீ சிரிச்சே. 'வெயில் சூடுடா அது, தோல்ல படறது'ன்னே."

சத்தியமாக எனக்கு அது நினைவில் இருக்கவில்லை. நீ சொன்ன பிறகுதான் என் சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது.

"இதை நீ எங்கிட்டச் சொல்லாமயே இருந்திருக்கலாம்ல?" என்றாய். "குடிகாரன்னு பேரோட இருந்திருப்பேன். இப்போ இதையும் நெனச்சுக்கிட்டுப் படுக்கணும். போடா."

போய்விட்டேன். நீ ஒரு மாதத்துக்கு மேல் என்னிடம் பேசவில்லை. எக்ஸ்சேஞ்சுக்குப் போன் செய்தால் என் குரலைக் கேட்டவுடன் வைத்துவிடுவாய். ஆனால் நான் சரசுவிடம் விட்டுவந்த நோட்டை எடுத்துக்கொண்டு நீயாகவே தூக்கத்துக்கான டாக்டரிடம் போயிருக்கிறாய். தினமும் ராத்திரி ஒரே நேரத்தில் போடும்படி அவர் ஒரு மாத்திரை கொடுத்தார். இருட்டினால் உடம்பே சுரக்க வேண்டிய பொருள் அது, வெளிச்சம் செய்யாத வேலையை அது செய்யும் என்றார். உன் சுற்று ராத்திரிக்கு வந்த சமயம் பார்த்து ஆரம்பித்து, இரண்டு மூன்று மாதத்தில் தூக்கம் நிலைத்தது. டாக்டர் கடிதம் கொடுத்தார், அலுவலகத்தில் மெமோக்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் நீயே எனக்குப் போன் செய்தாய். "கண் டாக்டர்கிட்டப் போகணும். வந்து கூட்டிக்கிட்டுப் போ" என்று மட்டும் சொன்னாய். நான் ஸ்கூட்டரில் வந்து உன்னைக் கூட்டிப் போனேன். நீ அவர் முன்னால் உட்கார்ந்து நோட்டை மேசைமேல் வைத்தாய். "சண்டைக்கு வரலீங்க. இனிமே பார்வை இல்லாத கண்ணை எடுக்கறதுக்கு முன்னாடி, தூக்கம் எப்படி இருக்குதுன்னு கேளுங்க. ஒரு கண்ணாவது காப்பாத்த முடியுமான்னு பாருங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றாய். அந்த மனிதர் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இது தனக்குத் தோன்றவே இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். சாட்சிக் கையெழுத்துப் போட்டது நான் என்பதை நீ அங்கே சொல்லவில்லை.

பதினைந்து வருடம் அந்த மாத்திரையோடு நன்றாக வேலை பார்த்தாய். என்னோடு பழையபடி பேசினாய், என் மகன் கல்யாணத்தில் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்தாய். ஆனால் அந்த விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மன்னித்துவிட்டேன் என்று நீ சொன்னதில்லை, நான் கேட்கவும் இல்லை. போன ஐப்பசியில் வேலையிலிருந்து வீடு திரும்பும்போது ஆட்டோவிலேயே நெஞ்சு வலி வந்து போய்விட்டாய். காது கேட்டதை மனசு ஏற்கவில்லை. போன் செய்தது உன் பெரியவள். "யாரு பேசறது, யாரு?" என்று அந்தப் பிள்ளையிடம் நாலு முறை கேட்டேனாம்.

காரியம் முடிந்த அன்று சரசு எனக்குச் சாப்பாட்டுத் தட்டைக் கொடுக்கும்போது சொன்னாள்: "நீங்க எவ்வளவோ தடுத்தீங்களாமாண்ணா. 'அவன் வேண்டாம் வேண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டான், நாந்தான் வலி பொறுக்காம வலது கண்ணையும் எடுக்கச் சொல்லிட்டேன்'னு அவரு எத்தனையோ தடவை சொல்லுவாருங். உங்க பேச்சைக் கேட்டிருந்தா அந்த ஒரு வருசம் அவரு அப்படிச் சீரழிஞ்சிருக்க மாட்டாருல்லீங்?"

தட்டை வாங்கிக்கொண்டு நின்றேன். சுற்றிலும் ஆட்கள். தட்டோடு ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டேன். நீ எதற்காக அப்படிச் சொன்னாய்? என்னைக் காப்பாற்றவா? நான் உன் வீட்டுக்கு வந்துபோக வேண்டும் என்றா? கண்ணை எடுத்த முடிவு வேறொருவனுடையது என்று நினைத்துக்கொள்வதைவிட, தன்னுடையது என்று வைத்துக்கொள்வது உனக்கு எளிதாக இருந்ததா? அதன் பிறகு மாதம் ஒருமுறையாவது சரசு எனக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினாள். "எங்க அண்ணன் மாதிரி யாரு இருக்காங்க" என்று அக்கம்பக்கத்தில் சொல்வாளாம். டப்பாவைத் திறக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்லிவிட்டேன். சரசு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து, அந்தப் பெஞ்சில் என்ன நடந்ததென்று ஒன்றுவிடாமல் சொன்னேன். டாக்டர் பொறுத்துப் பார்க்கலாம் என்றது, நான் சொன்னது, நீ ஜன்னலைப் பற்றிச் சொன்னது, நான் சிரித்தது. வேப்பமரத்தடியில் வாயை ஊதச் சொன்னதையும் சொன்னேன். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"சொட்டு மருந்து போட்டிருந்தா அந்தக் கண்ணு இருந்திருக்குமாங்?"

"இருந்திருக்கலாம் சரசு. உறுதியாச் சொல்ல முடியாது."

"இருந்திருந்தா அவரு தூங்கியிருப்பாரு."

"ஆமா."

அவள் எழுந்து உள்ளே போனாள். முறத்தில் அரிசி அப்படியே கிடந்தது. ரொம்ப நேரம் கழித்து உன் பெரியவள் வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "அம்மா இப்போ வரலையாம் மாமா. நீங்க கெளம்புவீங்களாம்" என்றாள்.

படி இறங்கி வந்தேன். அந்த வீட்டில் எனக்கென்று நீ கட்டி வைத்திருந்த நல்ல பெயர் இனி இல்லை. சரசுவிடமிருந்து இன்றுவரை போன் வரவில்லை. வருமா என்றும் தெரியவில்லை. நீ கேட்டது போலவே அவளும் கேட்கலாம், சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று. ஆனால் நீ அன்று பெஞ்சில் உட்கார்ந்து உன் உடம்பைப் பற்றி உனக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைச் சொன்னாய். அதைக் கேட்டவன் உலகத்தில் நான் ஒருவன்தான். அதை நான் சிரித்துத் தள்ளினேன் என்பது உன் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். இப்போது தெரிந்திருக்கிறது.